பாரம் தாங்கும் காற்று

ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த தலைமுறைக்குக் காண்டாக் கம்பைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோளிலே ஒரு கம்பு. அதன் இரு முனைகளிலும் பால் வாளிகள். ஒரு வாளி நிறைந்தும் மற்றொன்று குறைந்தும் இருந்தால், சுமப்பவர் கம்பைச் சற்றே நகர்த்தி, பாரம் மிகுந்த வாளியைத் தோளுக்கு அருகே கொண்டுவந்துவிடுவார். நெம்புகோல் விதியை அவர் எந்தப் பள்ளியிலும் படித்ததில்லை. தோள் வலியே ஆசானாக இருந்து கற்பித்தது.

வண்டிக்குத் தோள் வலிப்பதில்லை. வலித்தாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயிரம் கிலோ தாங்க வேண்டிய சக்கரத்தின்மேல் ஆயிரத்து நூறு கிலோவை ஏற்றினாலும், அது முணுமுணுக்காமல் உருண்டுகொண்டுதான் போகிறது. எத்தனையோ நாள் அப்படிப் போன பிறகு, ஏதோ ஒரு பிற்பகலில், நல்ல வேகத்தில் செல்லும்போது டயர் வெடிக்கிறது. "புதிய டயர்தானே, எப்படி வெடித்தது?" என்று கேட்பார்கள். வெடித்ததற்கான காரணம் பெரும்பாலும் அன்றைய தினத்தில் இராது.

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான் வழியாகச் சபாக் பெர்ணம் செல்லும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் நெடுங்காலமாகப் பாரவண்டிகளுக்குக் குறைவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள், நெல் மூட்டை லோரிகள், மணல் லோரிகள் ஆகியவற்றுக்கிடையே அண்மைக் காலத்தில் ஒரு புதிய வண்டியும் சேர்ந்திருக்கிறது. மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டி அது. கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை யாவும் உள்ளே. ஜெராம் பக்கத்துப் பந்தாய் ரெமிஸ் கடற்கரையிலோ செகிஞ்சான் வயல் ஓரத்திலோ நிறுத்தி, குடும்பத்தோடு இரவு தங்கலாம். தொழிற்சாலையில் கட்டப்பட்டவையும் உண்டு. சாதாரண வேனை வாங்கித் தச்சரிடமும் பட்டறையிலும் கொடுத்து மாற்றிக்கொண்டவையும் உண்டு. இவ்வகை வண்டிகளுக்குள்ள முக்கியமான பலவீனம் சக்கரங்களில்தான் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளப் பாரத்தையும் காற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டயர் வண்டியைத் தாங்குகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் தாங்குவது டயருக்குள் அடைபட்ட காற்று. டயர் அக்காற்றை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கும் பை, அவ்வளவே. காற்றை இறக்கிவிட்டால் அதே டயர், அதே ரப்பர், அதே கம்பியிழை, எல்லாம் அப்படியே இருந்தும் வண்டி தரையில் அமர்ந்துவிடுகிறதல்லவா?

இந்தக் காற்றுப் பையை முதலில் எண்ணிப் பார்த்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன். 1845ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டியே இல்லாத காலம் அது, யாரும் பொருட்படுத்தவில்லை. பின்னர் 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதையே மறுபடியும் கண்டுபிடித்தார். சைக்கிளைத் தொடர்ந்து மோட்டார் கார் வந்தது. கார் பெருகவே டயர் பெருகிற்று. டயருக்காக ரப்பரும், ரப்பருக்காகக் காடழித்த தோட்டங்களும், தோட்டங்களுக்காகக் கப்பலேறி வந்த தமிழர்களும் என்று கதை நீள்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்துத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் எடுத்தவர்கள், உலகத்தின் சக்கரங்களுக்கே உறை தைத்துக் கொடுத்தவர்கள் என்றால் அது மிகையாகாது. பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொகொனியே வாணிபத்துக்காகச் செம்பனை நட்டார். இந்நாட்டில் அதுவே முதன்முறை. இன்று வட சிலாங்கூரில் பால்மரம் அருகி, செம்பனையே எங்கும் நிற்கிறது. பத்தாங் பெர்ஜுந்தையும் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.

டயரின் கணக்குக்கு வருவோம். ஒரு சக்கரத்தின்மேல் 1,000 கிலோ பாரம். டயருக்குள் சதுர அங்குலத்துக்கு 65 ராத்தல் அழுத்தம் என்று கொள்வோம். பெட்ரோல் நிலையத்துக் கருவியில் பி.எஸ்.ஐ. என்று காட்டுவது இந்த அளவையே. மெட்ரிக் கணக்கில் இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ. ஆயிரத்தை அதனால் வகுத்தால் சுமார் 220 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அச்சக்கரம் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ அவ்வளவுதான். நான்கு சக்கரங்களும் சேர்ந்து தொடும் பரப்பு, விரித்த செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் பாதிகூட ஆகாது. அந்தக் கைக்குட்டை அளவு இடத்தில்தான் ஒரு குடும்பமும் அதன் வீடும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாரம் கூடினால், அல்லது காற்று குறைந்தால், இந்தப் பரப்பு விரிய வேண்டும். விரிவதற்கு டயர் இன்னும் அதிகமாக நசுங்க வேண்டும். பாரமிகுதியும் காற்றுக்குறைவும் டயருக்கு ஒரே நோய்தான்.

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும் ஒரு சக்கரம் வரம்பைத் தாண்டக்கூடும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்றரை மீட்டர் உள்ள ஒரு வேனை எடுத்துக்கொள்வோம். பின் அச்சுக்கும் அப்பால் 1.4 மீட்டர் தள்ளி, வாலில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி பொருத்தப்பட்டிருக்கிறது. தொட்டி நிறைந்தால் கூடும் பாரம் 100 கிலோ. பின் அச்சில் எவ்வளவு கூடும்? 100 என்று சொல்லத் தோன்றும், விடை 140. எஞ்சிய 40 எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. பின் அச்சை ஊன்றுகோலாகக் கொண்டு, வாலிலுள்ள பாரம் வண்டியின் மூக்கைத் தூக்குகிறது. பின் சக்கரங்கள் திணற, திசை திருப்ப வேண்டிய முன் சக்கரங்கள் இலேசாகின்றன. சைக்கிள்களை வண்டியின் பின்புறம் மாட்டுவதும், செகிஞ்சானில் வாங்கிய அரிசி மூட்டைகளை வால் பக்கத்துப் பெட்டியில் அடுக்குவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

இடம் வலம் பற்றிய கணக்கு இதனினும் நுட்பமானது. வீட்டு வண்டியைக் கட்டுகிறவர் சமையல் மேடை, குளிர்பதனப் பெட்டி, எரிவாயுக் கலன், மின்கலம் ஆகியவற்றை வசதிக்காக ஒரே சுவரோரமாக அமைத்துவிடுவார். குழாயும் கம்பியும் குறுகலாக முடிந்துவிடும், செலவு மிச்சம். ஆனால் 150 கிலோ சாமான் இடச் சக்கரத்துக்கு நேர் மேலே ஒரு சாண் உள்ளடங்கி இருந்தால், அதில் ஏறத்தாழ 130 கிலோ அந்த ஒரு சக்கரத்தின் தலையிலேயே விழும்.

இனி ஒரு கற்பனை வண்டியைத் தராசில் ஏற்றுவோம். மொத்த எடை 3,500 கிலோ. அனுமதிக்கப்பட்ட எடையும் அதுவே. பின் அச்சில் 2,000 கிலோ. ஒவ்வொரு பின் டயரும், அப்போதுள்ள காற்றில், 1,000 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 2,000, கணக்குச் சரி. அச்சுவரை நிறுத்துப் பார்த்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் சக்கரம் சக்கரமாக நிறுத்தால் இடப் பக்கம் 1,130, வலப் பக்கம் 870 என்று வருகிறது. வலச் சக்கரம் உல்லாசமாக உருள, இடச் சக்கரம் தன் சக்திக்கு மேல் 130 கிலோவை இரவு பகலாகச் சுமக்கிறது. இந்நாட்டில் வண்டிகள் சாலையின் இடப் பக்கம் செல்கின்றன. மழைநீர் வடிவதற்காகச் சாலை இடப் பக்கம் சரிந்திருக்கும். ஆகவே ஏற்கெனவே திணறுகிற இடச் சக்கரத்துக்குச் சாலையும் தன் பங்குக்குச் சிறிது பாரத்தைத் தள்ளிவிடுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலைகளில் இச்சரிவு இன்னும் கூடுதல்.

லோரிக்கும் வீட்டு வண்டிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. குலை ஏற்றிய லோரி ஆலைக்குச் சென்று கொட்டிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது; டயருக்குப் பாதி நேரம் ஓய்வு. வீட்டு வண்டியோ நின்றாலும் ஓடினாலும் தன் வீட்டைச் சுமந்துகொண்டே இருக்கிறது. பல மாதம் கொட்டகையில் நிற்கும்போதும் அதே சக்கரங்கள் அதே பாரத்தின்கீழ் நசுங்கியே கிடக்கின்றன. இதற்கென்றே சில டயர்கள் தனியாகச் செய்யப்படுகின்றன; அவற்றின் பக்கச் சுவரில் 'சி.பி.' என்ற எழுத்துகள் காணப்படும். சாதாரண வேன் டயரைவிட அவை கெட்டியானவை. அரைத் தொட்டித் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்திலிருந்து பால் ஏற்றிச் சென்ற தொட்டி லோரிகளை ஓட்டியவர்களுக்கு, நிறைந்த தொட்டியைவிடப் பாதி நிறைந்த தொட்டி பொல்லாதது என்பது தெரியும். வளைவிலே பால் ஒரு பக்கம் ஓடி அடிக்கும். வண்டி மறுபடி நிமிர்வதற்குள் எதிர்ப்பக்கம் வந்து மோதும். அதற்காகவே பெரிய தொட்டிகளுக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். பட்டறையில் பொருத்தும் தொட்டிகளில் அதைக் கேட்டு வைத்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு.

நசுங்கிய டயர் ஏன் வெடிக்க வேண்டும்? இதற்கு விடை உஷ்ணம். டயரின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்குப் பன்னிரண்டு தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு தடவை நசுங்கி ஒரு தடவை நிமிர்கிறது. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 43,000 தடவை. ஒரு கம்பியை விரலால் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் வளையும் இடம் சூடேறுவதை எவரும் அறியலாம். ரப்பரும் அவ்வாறே. நசுங்குவதற்குக் கொடுத்த சக்தி முழுவதையும் அது நிமிரும்போது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கை உஷ்ணமாக வைத்துக்கொள்கிறது. காற்று குறைய, நசுக்கம் கூடும். நசுக்கம் கூட, உஷ்ணம் கூடும். உஷ்ணம் மிகுந்தால் ரப்பருக்கும் உள்ளே உள்ள எஃகு இழைகளுக்கும் இடையிலுள்ள பிணைப்பு தளர்கிறது. முதலில் உள்ளுக்குள் மெல்லிய பிரிவு. வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் மேல்தோல் மொத்தமாக உரிந்து பறக்கிறது. செயற்கை ரப்பரைவிட மரத்து ரப்பர் நசுங்கும்போது குறைவாகவே சூடேறும். லோரி டயர்களில் அதன் பங்கு கூடுதலாகவும், ஆகாய விமான டயர்களில் பெரும்பகுதியாகவும் இருப்பது இதனால்தான். செயற்கை ரப்பர் வந்து இத்தனை ஆண்டுகளாகியும் பால்மரத்தை உலகம் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த உஷ்ணத்தின் விளைவை உலகம் பெரிய அளவில் கண்டது 2000ஆம் ஆண்டில். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் எக்ஸ்புளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்தோல் வேகத்தில் உரிந்து, வண்டிகள் குடைசாய்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. இவ்விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 270 பேருக்குமேல் மாண்டதாக அரசாங்க விசாரணை கணக்கிட்டது. ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 ராத்தல். 30 இருந்திருக்க வேண்டும் என்றது டயர் நிறுவனம். டயரின் அமைப்பிலேயே குறை என்றது ஃபோர்டு. டயரில் குறை இருந்ததென்று விசாரணை கண்டது. ஆயினும் குறைந்த காற்றும் ஏற்றிய பாரமும் வெப்பமான சாலையும் அக்குறையை விரைவுபடுத்தும் என்பதில் ஐயமில்லை. வெறும் நாலு ராத்தல் வித்தியாசத்தைச் சுற்றி எழுந்த வழக்கு, ஏறக்குறைய நூறாண்டு நட்புடைய இரு நிறுவனங்களையும் 2001இல் பிரித்துவிட்டது. ஃபயர்ஸ்டோனுக்கும் மலாயாவுக்கும் ஒரு பழைய கணக்கும் உண்டு. 1922இல் பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் இங்கே ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. விலை ஏறுவதைப் பொறாத ஹார்வி ஃபயர்ஸ்டோன், 1926இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் சொந்தமாகவே தோட்டம் போட்டார்.

அவ்விபத்துகளின் விளைவாக அமெரிக்காவில் சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் சிறு வண்டிகள் யாவற்றிலும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி இருக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு காற்று குறைந்தால் விளக்கு எரியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அக்கருவிக்குக் காற்று தெரியும், பாரம் தெரியாது. முன்னே கண்ட 1,130 கிலோச் சக்கரத்தில் 65 ராத்தல் காற்று இருந்தால், எல்லாம் சரி என்றே அது சொல்லும்.

அப்படியானால் டயரின் பக்கச் சுவரில் எழுதியுள்ள உச்ச அழுத்தம் வரைக்கும் காற்றை நிரப்பிவிட்டால் என்ன? பலரும் இதைத்தான் செய்கிறார்கள். பாரம் குறைந்த சக்கரத்தில் அளவுக்கு மீறிக் காற்று இருந்தால், டயர் நடுவில் உப்பி, நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொடும். மழை பெய்த சாலையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். நடுப்பகுதி விரைவில் தேயும். உள்ளே பாத்திரம் பண்டமெல்லாம் குலுங்கும். சதுப்பு மண்ணில் இறுகிய டயர் கத்திபோல் இறங்கிவிடும். வட சிலாங்கூரின் கரிச்சதுப்பு நிலங்களை ஒட்டிய தோட்டங்களில், டிராக்டர்களுக்கு அகன்ற டயரும் குறைந்த காற்றும் வைப்பது இதை எண்ணித்தான். பாரம் பரந்து விழுந்தால் மண் தாங்கும். ஆனால் டிராக்டர் மெதுவாகச் செல்வது. அதே குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் முன்சொன்ன உஷ்ணம் காத்திருக்கிறது.

முறையானது இதுதான். ஆட்கள் அமர்ந்து, தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றிப் பயணத்துக்குப் புறப்படும் நிலையில் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். ஓர் அச்சின் இரு முனைகளில் எது அதிகமோ அந்த எடையை எடுத்துக்கொண்டு, டயர் தயாரிப்பாளரின் அட்டவணையில் அதற்குரிய அழுத்தத்தைப் பார்த்து, அவ்வச்சின் இரு பக்கத்துக்கும் அதையே வைக்க வேண்டும். பாரம் மிகுந்த பக்கத்துக்கு மட்டும் காற்றைக் கூட்டுவது தவறு. இரு பக்கமும் வேறு வேறாக இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அட்டவணையின் உச்சத்தையும் எடை தாண்டினால் காற்றால் பயனில்லை. சாமானைத்தான் இறக்கவோ இடம் மாற்றவோ வேண்டும். டயரின் பக்கத்தில் அளவையடுத்துள்ள எண்ணே அதன் சுமைக்குறி: 91 என்றால் 615 கிலோ, 100 என்றால் 800, 112 என்றால் 1,120.

எங்கே நிறுப்பது? செம்பனை ஆலைதோறும் எடை மேடை இருக்கிறது. குலையோடு வரும் லோரியை ஒரு தடவையும் வெறும் லோரியை ஒரு தடவையும் நிறுத்து, வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பது அங்கு வழக்கம். அனுமதி பெற்றால், முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு தடவையும், முழு வண்டியையும் ஏற்றி ஒரு தடவையும், பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு தடவையும் எடை பார்க்கலாம். மேடையும் பக்கத்துத் தரையும் ஒரே மட்டமாக இருந்தால், இடச் சக்கரங்களை மட்டும் மேடையின் ஓரமாக ஏற்றி இடம் வலத்தையும் கண்டுவிடலாம். மேடையைவிடத் தரை ஓரிரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தாலும் கணக்குப் பொய்த்துப்போகும். ஆயிரம் ஆயிரம் டன் குலையை நிறுத்துக் கொடுத்த மேடையில் ஒரு வீட்டு வண்டியைப் பார்த்தால் ஆலைக்காரர் சிரிக்கலாம். சிரித்துவிட்டு நிறுத்துக் கொடுத்தால் போதும்.

அழுத்தத்தைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது. 25 பாகை உஷ்ணத்தில் 65 ராத்தல் காட்டிய டயர், ஓடி 55 பாகைக்குச் சூடேறினால் 73 காட்டும். இது இயல்பு, டயரைச் செய்தவர் இதற்கு இடம் விட்டிருக்கிறார். கூடிவிட்டதே என்று பயந்து பாதி வழியில் காற்றைத் திறந்து 65க்கு இறக்கினால், மறுநாள் காலையில் அது 58தான் காட்டும். அன்றைக்குத்தான் ஆபத்து ஆரம்பம். வெயில் ஒரு பக்கமாக அடிக்க நிறுத்தியிருந்த வண்டியிலும் இரு பக்கத்து அளவும் ஒத்திராது. நிழலில் ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிகளில் உள் டயரை அளப்பது சங்கடம் என்று விட்டுவிடுவார்கள். லோரி ஓட்டுநர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டி ஓசை கேட்பார்கள். அடியோடு காற்றிறங்கிய டயரை அந்த ஓசை காட்டிக்கொடுக்கும். கால் பங்கு குறைந்ததைக் காட்டாது. உள் டயர் தளர்ந்தால் அதன் பாரமும் வெளி டயர் தலையில்தான்.

கடைசியாக, டயரின் வயது. வீட்டு வண்டி ஆண்டில் சில வாரமே ஓடுவதால் அதன் டயர்களின் கோடுகள் தேய்வதில்லை. பார்வைக்குப் புதியதுபோல் இருக்கும். ஆனால் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரை ஓயாமல் தின்றுகொண்டிருக்கின்றன. பக்கச் சுவரில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் தோன்றும். அதே சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும்: 2319 என்றிருந்தால், அந்த டயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். அந்தப் பக்கம் வண்டியின் உட்புறமாகத் திரும்பியிருந்தால் கைவிளக்கோடு அடியில் குனிந்துதான் படிக்க வேண்டும்.